கம்பெனிப் பலகையில் பெருமாள்

கனகத்தின் வீட்டுக்குள் முதல் தடவை வருகிறவர்கள், உட்காரச் சொன்னாலும் உடனே உட்கார மாட்டார்கள். எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். அவர்களை அப்படியே நிற்க விட்டுவிட்டு அவள் உள்ளே போய் மெதுவாகத் தண்ணீர் கொண்டு வருவாள். அவசரமே பட மாட்டாள். அந்தச் சின்னப் பெருமையைப் பெருமாள் மன்னித்துவிடுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையைப் பிடித்துத் தெற்கே நடந்தால் வருகிற ஊர். பெருமாள் கோயில் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. சிமெண்டு சீட்டு போட்ட இரண்டே அறைதான். ஆனால் சுவரில் இருக்கிற அலமாரியைச் சுற்றி மாங்காய்க் கரை தீட்டியிருக்கும். அதன் தட்டுகளில் காகிதக் கூழில் செய்த கிண்ணங்களும் கிளிகளும் இருக்கும். கட்டிலின் நாலு காலிலும் தாமரை. அரிசி டின்னில்கூட ஒரு அன்னம். வாசற்படிக்கு மேலே பட்டுக் குஞ்சம் வைத்த தோரணம். நாற்காலியின் இருக்கை, பெட்டி கட்டுகிற நைலான் பட்டையைக் கட்டம் கட்டமாகப் பின்னிப் போட்டது.

இதில் முக்கால்வாசி கம்பெனி கழித்துப் போட்டது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவள் புருஷன் நடேசனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மிஷின் கம்பெனியில், ஸ்டோர்ஸில் வேலை. அவனுடைய அப்பா காலம் வரைக்கும் ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்ட குடும்பம். இவன்தான் முதல் முதலில் சைக்கிளில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனவன். வெளிநாட்டு மிஷின்கள் ஆள் உயரப் பெட்டிகளில் வரும். பெட்டியைப் பிரித்த பிறகு, பலகை கேட்கிறவர்களுக்குக் கேட் பாஸ் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அங்கே வேலைக்குப் போன ஊர்க்காரர்கள் எல்லாரும் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். அது எல்லா வீட்டிலும் நேரே அடுப்புக்குப் போகும். சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் பெண்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

கனகமும் கல்யாணமாகி வந்த வருஷம் அப்படி ஒரு பலகையைப் பிளக்கப் போனவள்தான். கத்தி பட்ட இடத்திலிருந்து ஒரு வாசனை எழுந்தது. சந்நிதியில் கற்பூரம் அணைந்த பிறகு நிற்குமே, அதைப் போல. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட? எனக்கு ஷிப்டுக்கு நேரமாவுது" என்றான் நடேசன்.

"இத எரிக்க மனசு வரலைங்க."

"மனசு வரலன்னா சோறு எப்படி வரும்?"

"வரும். செத்த இருங்க" என்று அவள் தென்னை மட்டையைத் தேடப் போனாள்.

அந்தப் பலகைதான் அவர்கள் வீட்டுச் சாமி மாடம் ஆனது. பரசுராமன் என்கிற தச்சர் அறுத்துப் பூட்டிக் கொடுத்தார். தேய்த்ததும் வர்ணம் தீட்டியதும் கனகம். அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு. படம் போட யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. காஞ்சிபுரத்துப் பெண், அவள் அண்ணன் புருஷோத்தமனுக்கு இன்னமும் பட்டுத் தறிதான் பிழைப்பு. தறிக்குப் பக்கத்திலேயே தூங்கி எழுந்து வளர்ந்தவளுக்குப் புடவைக் கரையில் இருக்கிற மாங்காயும் அன்னமும் கண்ணை மூடினாலும் தெரியும். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் அறுந்து விழுந்த பட்டு நூலைப் பை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். குஞ்சங்கள் எல்லாம் அப்படி வந்தவை.

வர்ணம் கம்பெனி வர்ணம். மிஷினுக்கு அடிக்கிற பச்சை, கிரேனுக்கு அடிக்கிற மஞ்சள், கரண்டுப் பெட்டிக்கு அடிக்கிற சாம்பல், நெருப்பு வாளிக்கு அடிக்கிற சிவப்பு. டப்பாவின் அடியில் மிஞ்சியதை நடேசன் சூப்பர்வைசரிடம் சொல்லி வாங்கி வருவான். அவள் வீட்டுக் கிளிகளுக்கு மிஷின் பச்சையில் உடம்பு, வாளிச் சிவப்பில் மூக்கு.

எல்லாமே சரியாக வந்துவிட்டதா என்றால், இல்லை. மிஷினுக்கு அணை கொடுத்து வந்த தெர்மாகோலில் ஒரு தடவை கோபுரம் செதுக்கினாள். நிலை நிலையாக, பொம்மை பொம்மையாக, வாரக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிவிட்டு, கடைசியில் கம்பெனிப் பெயிண்டைத் தொட்டு வைத்தாள். கோபுரம் கண்ணெதிரே கரைந்து கூழாகிப் போயிற்று. பக்கத்தில் நின்ற நடேசன், "கலசம் மட்டும் மிஞ்சிக்கீது பாரு. அதுக்கு வேணா கும்பாபிஷேகம் பண்ணிடலாம்" என்றான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் பிசுபிசுத்த கையோடு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு பெயிண்ட் ஆகாத சாமான்களுக்கு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். புளியங்கொட்டையை ஊற வைத்து அரைத்துக் காய்ச்சிய பசையில் சுண்ணாம்பையோ காவியையோ குழைத்துத் தீட்டுவாள். சீக்கிரம் காயும். தேய்த்தாலும் போகாது.

தெருவில் அவள் வீட்டுக்குப் "பொட்டி வூடு" என்று பெயர். வைத்தது எதிர்வீட்டு ராஜம்மா. நல்ல மனுஷிதான், நாலு பேர் காய்ச்சலாய்க் கிடந்தால் நாலு பேருக்கும் கஞ்சி கொண்டு போவாள். வாய்தான் சும்மா இருக்காது. "நாங்கல்லாம் பொட்டிய வூட்ல வெச்சிக்கிறோம், கனகம் வூட்டையே பொட்டில வெச்சிக்கினாடி" என்பாள். கனகமும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் மனசுக்குள் ஒரு ஆசை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. இந்த வீடு கழிசலில் கட்டிய வேடிக்கை இல்லை, ஒரு நல்ல வீடு என்று தெரு ஒரு நாள் சொல்ல வேண்டும். அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. பெருமாளிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மாசி மகம் வந்தது.

அந்த ஊரில் மாசி மகத்தன்று பெருமாள் தாயாரோடு ஏரிக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். திரும்பி வருகிற வழியில் கோயில் தெருவில் ஒரே ஒரு வீட்டு வாசலில் இறங்கி இளைப்பாறுவார். இறங்குகிற பெஞ்சு அந்த வீட்டாருடையதாக இருக்க வேண்டும். மனுஷர் யாரும் அதில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பட்டுத் துணி விரிப்பதற்கு முன்னால், வெறும் பெஞ்சைத் தெரு முழுக்க வந்து பார்க்கும். ஒருத்தர் குறை சொன்னாலும் போச்சு. பெருமாள் இறங்காமல் நேரே கோயிலுக்குப் போய்விடுவார். அது அந்த வீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே குறை.

காலகாலமாக அவர் இறங்குவது பாண்டுரங்கன் வீட்டில். தேக்கில் ஒரு பெஞ்சு செய்து, அதற்கென்றே பரண்மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்த வருஷம் மகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பாண்டுரங்கனுடைய பங்காளி ஒருவர் செத்துப்போனார். பதினாறு கழியாமல் அந்த வீட்டில் பெருமாள் இறங்க முடியாது. தீட்டு வீட்டுச் சாமான் வேறு வீட்டுக்கும் ஆகாது. தர்மகர்த்தா விஜயராகவன் தெருவுக்கு வந்து, கோயில் வாசலில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்த வருஷம் யார் வூட்டு வாசல்ல இறக்கறது, சொல்லுங்கப்பா."

யார் வீட்டிலும் உட்காராத பெஞ்சு கிடையாது. குறை வந்தால் தலைமுறைக்கும் பேசுவார்களே என்ற பயம் வேறு. பெண்கள் நிற்கிற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க வூட்ல இறங்கட்டுங்க ஐயா."

கனகத்துக்கே அது தன் குரல்தானா என்று இருந்தது. நடேசன் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டான்.

"பெஞ்சி?"

"பண்றது."

"எதுல?"

"நான் எதுல பண்ணுவேன்? நீங்க பலகை கொண்டாங்க, நல்லதா பார்த்து."

அன்றைக்கே ராஜம்மா வந்துவிட்டாள். "ஏண்டி கனகம், மிஷினு படுத்துகினு வந்த பொட்டி. அதுலயா பெருமாள குந்த வெக்கப் போற?"

"அந்த மிஷினுக்கே ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சு கும்புடுறாங்களே அக்கா. மனுஷங்க யாரும் அதுல குந்தலியே. அதான வேணும்?"

"வாயி வந்துடுச்சுடி ஒனக்கு" என்று ராஜம்மா மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

நடேசன் கொண்டு வந்த பலகைகள் இரண்டும் நன்றாகக் கனத்தவை. கனகம் எப்போதும் பெட்டிப் பலகையின் உள்பக்கத்தைத்தான் மேலே வைப்பாள். வெளிப்பக்கத்தில் கறுப்பு மையில் குத்தின முத்திரைகள் இருக்கும். ஆனால் உள்பக்கம் சொரசொரப்பு. வெளிப்பக்கம்தான் இழைத்து வழவழவென்று இருந்தது. பெருமாள் உட்காருகிற இடம் சொரசொரப்பாக இருக்கலாமா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "முத்திரை இருந்தா இருக்கட்டும், பெயிண்டு மறைச்சிடும்" என்று பரசுராமனிடம் சொல்லி வெளிப்பக்கத்தையே மேலே வைத்துப் பூட்டச் சொன்னாள். கிரேன் மஞ்சளை இரண்டு கை அடித்தாள். மறைந்துவிட்டது. ஓரத்தில் சுற்றிலும் அன்னக் கரை தீட்டினாள். கால்களில் தாமரை. அடித்து முடித்துக் கூடத்தில் வைத்தபோது வீடே மஞ்சள் குளித்த மாதிரி இருந்தது. அவளே நாலைந்து தடவை உள்ளே போய்ப் போய்ப் பார்த்தாள்.

மகத்தன்று காலையில் பெஞ்சை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். வெயில் பட்டதும் நடேசன் குனிந்து பார்த்தான்.

"கனகம், இங்க வா."

மஞ்சளுக்குள்ளிருந்து மை ஏறி வந்திருந்தது, அம்மை போட்ட உடம்பு போல. ஒரு பக்கம் கால் வைத்த கிளாஸ் ஒன்று. நடுவில் ஒரு கோட்டின் மேல் நிற்கிற இரண்டு அம்பு. இன்னொரு பக்கம் ஒரு குடை. கீழே ஏதோ நாட்டு எழுத்தில் ஒரு வரி.

"இன்னாங்க இது?"

"கிளாசு போட்டா உடையுற சாமான்னு அர்த்தம். அம்பு போட்டா இதான் மேல் பக்கம். கொடை போட்டா நனைக்கக் கூடாது" என்றான் நடேசன். ஸ்டோர்ஸ்காரன் அல்லவா.

"இன்னொரு கை அடிச்சிட்டா?"

"அடிக்கலாம். காயறதுக்குள்ள பெருமாள் வந்து ஒட்டிக்கினாருன்னா, ஊரு நம்மள இன்னா பண்ணும், சொல்லு."

பந்தலில் கட்ட மாவிலை கொண்டு வந்த ராஜம்மா அந்த நேரம் பார்த்தா வர வேண்டும். இடுப்பில் கூடையோடு குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி இது கிளாசு? பிராந்திக் கடை பலக மாதிரி கீது."

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நான் ஏன்டி சொல்லப் போறேன். அவங்களுக்குக் கண்ணு இல்லியா?" என்று மாவிலையை வைத்துவிட்டுப் போனாள். போகிற வழியிலேயே இரண்டு வீட்டில் அவள் நின்று பேசுவது கனகத்துக்குத் தெரிந்தது.

நடேசன் சைக்கிளை எடுத்தான். "ஐயாகிட்ட போயி, இந்த வருசம் வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன். குறைன்னு நாலு பேர் சொல்றதுக்கு முன்னாடி நம்மளே சொல்லிட்டா கௌரவமா போவும்."

கனகம் சாமி மாடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பெருமாளே, உன்னை நான்தான் வாய்விட்டுக் கூப்பிட்டேன். உனக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்றுதான் அந்தப் பக்கத்தை வைத்தேன். அதிலேயே குறை வைத்துவிட்டாயே என்று மனசுக்குள் கேட்டாள். கண் கலங்கி, மாடத்துப் படத்தில் பெருமாளுடைய நெற்றி மட்டும்தான் சரியாகத் தெரிந்தது. கீழே ஒரு பாதம், அதன் மேல் நேராக ஏறுகிற இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு.

எழுந்து வாசலுக்கு ஓடினாள். "ஏங்க, செத்த இருங்க. போகாதீங்க."

கோட்டின் மேல் நிற்கிற இரண்டு அம்பைப் பார்த்தாள். அம்பின் கூர்மையை மட்டும் மழுக்கிவிட்டால் அது என்ன? நாமம்தானே.

கிளாஸைப் பார்த்தாள். வாய் அகன்று, வயிறு பருத்து, கீழே ஒடுங்கி இறங்குகிறது. சங்குக்கும் அதே உடம்புதான்.

நடேசன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். அவள் விரலால் அம்பின்மேல் நாமம் இழுத்துப் பார்ப்பதைக் கண்டு, சொல்லாமலே புளியங்கொட்டைப் பசையை எடுத்து அடுப்பில் வைத்து இளக்கினான். அவள் நாமக்கட்டியை உரசிப் பசையில் குழைத்தாள். அம்பு இரண்டும் வெள்ளை நாமமாக ஏறின. நடுவில் காவியும் குங்குமமும் கலந்து சிவப்புக் கோடு இழுத்தாள். கிளாஸின் வயிற்றில் சுழி போட்டாள். வாயில் மூன்று சுடர் வைத்தாள். கிளாஸின் கால் சங்குக்குக் கீழே தாமரை ஆனது. அந்த நாட்டு எழுத்தின் மேல் கொடி ஓட விட்டாள். எழுத்தின் வளைவெல்லாம் கொடிக்கு வாகாக இருந்தது.

"கொடைய இன்னா பண்ணப் போற?" என்றான் நடேசன்.

"அத ஏன் தொடணும்? பெருமாளுக்குக் கொடை வேணாமா?"

மேளச் சத்தம் ஏரிக்கரையில் கேட்கும்போது அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாற்றுப் புடவை கட்ட நேரம் இருந்தது, தலை சீவ இல்லை.

பல்லக்கு வாசலுக்கு முன்னால் நின்றது. தோள் கொடுத்தவர்கள் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். வழக்கப்படி எல்லாரும் பெஞ்சைச் சுற்றி வந்தார்கள். விஜயராகவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவர் மறைமலை நகரில் ஒரு கம்பெனி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கொடிக்கு அடியில் விரலை ஓட்டினார்.

"இது பெட்டி மேல போடற அடையாளம் இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கனகம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க ஐயா. பலகை கம்பெனி பொட்டிதான். முத்திரைய மறைக்கணும்னுதான் பெயிண்டு அடிச்சேன். மறையல, காலையில மேல வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் அத வெச்சே நாமமும் சங்கும் எழுதினேன். கொடை மட்டும் வந்தபடியே கீது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். விஜயராகவன் பட்டாச்சாரியார் ஜெகநாதனைப் பார்த்தார். பட்டாச்சாரியாருக்கு வயசாகிவிட்டது, வெயிலில் ஏரிவரைக்கும் நடந்த களைப்பு.

"அந்த அம்புக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"இதுதான் மேல் பக்கம்னு அர்த்தம் சாமி" என்றான் நடேசன்.

"சரியாத்தானே போட்டிருக்கான். பெருமாள் மேல்பக்கம்தானே உட்காரணும். எனக்கு ஒண்ணும் குறை தெரியல. தெருவைக் கேளுங்கோ."

விஜயராகவன் கேட்டார். எல்லாருடைய முகமும் ராஜம்மா பக்கம் திரும்பியது. காலையில் அவள் நின்று பேசியது இரண்டு வீட்டோடு நிற்கவில்லை. ராஜம்மா முன்னால் வந்தாள். சங்கைக் கிட்டத்தில் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். அந்தப் பக்கம் போய் ஒரு தடவை பார்த்தாள்.

"சீக்கிரம் சொல்லு அத்தை, தோளு கழண்டுடும்" என்றான் பல்லக்கின் முன்கொம்பைப் பிடித்திருந்த அண்ணாதுரை.

"இருடா. காலையில என் ரெண்டு கண்ணால பார்த்தேன், கிளாசா இருந்துச்சு. இப்ப சங்கா கீது. நான் இன்னா பண்றது, சங்குன்னுதான சொல்லணும்?" என்றாள் ராஜம்மா. பிறகு இடுப்பு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒரு குறையும் இல்ல. எறக்குங்கடா பெருமாள" என்றாள்.

பட்டு விரித்தார்கள். பெருமாள் தாயாரோடு கனகம் வீட்டு வாசலில் இறங்கினார். பெஞ்சு ஒரு முனகல்கூட முனகவில்லை. கற்பூரத் தட்டு வந்தபோது கனகத்தால் கையைக் குவிக்க மட்டும்தான் முடிந்தது; வேண்டிக்கொள்ள ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. நடேசன் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும், "அந்த அன்னம்லாம் கையிலேயே போட்டது. அளவு குச்சிகூட கிடையாது" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

பெருமாள் கோயிலுக்குப் போன பிறகும் கூட்டம் கலையவில்லை. தீர்த்தம் வாங்கின பெண்கள் அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருவுக்காரி மஞ்சுளா, இத்தனை வருஷம் வாசலோடு போனவள், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். ராஜம்மாதான் முன்னால் நின்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனாள். "இது கரண்டுப் பொட்டி சாம்பலு. இது நெருப்பு வாளி செவப்பு. தொடாதடி, பாரு, பாத்துட்டுப் போ." தன் வீட்டைக் காட்டுகிற மாதிரியே காட்டினாள். கனகம் தண்ணீர் கொண்டு வர உள்ளே போனாள். அன்றைக்கும் அவள் அவசரப்படவில்லை.

பெருமாள் உட்கார்ந்த பெஞ்சில் இனி மனுஷர் உட்காரக் கூடாதே. இரண்டு அறை வீட்டில் அதற்கு ஒரு இடம் ஒழிக்கக் கட்டிலைத் தள்ளிப் போட வேண்டி வந்தது. ஜன்னலுக்குக் கீழே, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் போட்டார்கள்.

தீட்டு கழிந்த பிறகு ஒரு சாயங்காலம் பாண்டுரங்கன் வந்தார். தெருவில் பெரிய வீட்டுக்காரர். அதுவரைக்கும் இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. அவரும் நின்றார். சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், பெஞ்சுக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"வர்ற வருசம் எங்க வூட்டு மொறை வந்துடும்மா" என்றார். "எங்க தேக்கு பெஞ்சி நல்லாத்தான் கீது. ஆனா ஊரு இத பாத்துடுச்சே. இத ஒரு நாளைக்கு நம்ம வூட்டுக்கு எடுத்துகினு போவலாமா?"

நடேசன் சரி என்று தலையாட்டப் போனான். கனகம் முந்திக்கொண்டாள்.

"இறங்குற பெஞ்சி அந்தந்த வூட்டுதா இருக்கணும்ல, இது இந்த வூட்டுக்குப் பெருமாள் வந்து குந்துனதுண்ணே. இத நகர்த்த மாட்டேன். உங்க வூட்டுக்குத் தனியா ஒண்ணு பண்ணித் தர்றேன்."

பாண்டுரங்கன் நைலான் பட்டை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, அது தாங்குகிறதா என்று ஒரு தடவை அசைந்து பார்த்துக்கொண்டார்.

"செய்யி. அதுல இன்னா எழுதுவ? இதே மாதிரி சங்கும் நாமமுமா?"

"பலகை வரட்டும்ண்ணே" என்றாள் கனகம். "அதுல இன்னா முத்திரை கீதோ, பாத்துட்டுத்தான் சொல்லணும்."